பெயர்த்தெடுத்த ஓடுகளுக்கு விலை கொடுப்பவர்கள்

கடந்த மார்கழி மாதத்தில் ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகள் வீடியோ அழைப்பில் வந்தாள். புதிதாக வாங்கிய வீட்டின் பின்புறத்துக் கண்ணாடி அறையை 'வெப்பமண்டலப் பாணியில்' அலங்கரித்து முடித்திருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வாழையிலை அச்சிட்ட சுவர்த்தாள், பிரம்புக் கதிரைகள், இரண்டு சாடிகளில் ஈச்சஞ்செடி. எதிர்ச்சுவரில் வரிசையாகப் பதிக்கப்பட்ட ஆறு அங்குலச் சதுரப் பூ ஓடுகள்.

"பாருங்கோ மாமா, அசல் பழைய சீன ஓடுகள். நாப்பத்தெட்டு. இணையத்திலை தேடித் தேடி வாங்கினது. எங்கடை ஊர் வீடு மாதிரி இல்லையே?" என்றாள்.

நல்லாயிருக்கிறது என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டேன். அது பொய். அந்தப் பொய்யைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். இது அவள் ஒருத்திக்கான பதில் அல்ல. சிட்னியிலும் இலண்டனிலும் கொழும்பிலும் சென்னையிலும் இன்று பழைய ஓடு சேர்ப்பதை நல்ல ரசனையின் அடையாளமாகக் கொண்டிருக்கும் எல்லோருக்குமானது.

முதலில் பெயரைத் திருத்துவோம். 'பழைய சீன ஓடு' என்ற பெயரில் விற்கப்படும் பூ ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை சீனாவில் செய்யப்பட்டவையே அல்ல. சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு ஆகிய இடங்களில் வாழ்ந்த பெரானாக்கான் சீனர்களின், அதாவது பாபா - நோன்யா குடும்பங்களின், வீட்டுச் சுவர்களில் அவை இருந்தன. அதனால் சீனப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவை பிறந்த இடம் இங்கிலாந்து.

1840 இல் ரிச்சர்ட் புரொசர் என்பவர் உலர்ந்த களிமண் தூளை அச்சில் அழுத்தி வார்க்கும் முறைக்கு அங்கு காப்புரிமை பெற்றார். ஸ்டோக் நகரின் மின்டன் தொழிற்சாலை அதனை ஓடு செய்வதற்குப் பயன்படுத்தியது. அதே மின்டனில் பணியாற்றிய லியோன் ஆர்னூ உருவாக்கிய 'மஜோலிக்கா' என்னும் வண்ண மெருகுப் பூச்சு 1851 இலண்டன் கண்காட்சியில் மக்கள் முன் வைக்கப்பட்டது. புடைப்பாக வார்த்த பூவின் மீது இம்மெருகை ஊற்றினால் பள்ளத்தில் தேங்கிய இடம் கடும் நிறமாகவும் மேட்டில் படிந்த இடம் இளநிறமாகவும் தெரியும். தூரிகை தொடாமலே பூவுக்கு நிழல் விழும். இதுதான் அந்த ஓடுகளின் அழகின் இரகசியம். பெல்ஜியமும் ஜேர்மனியும் இதே வகை ஓடுகளைச் செய்து கீழைத் தேசங்களுக்கு அனுப்பின.

1914 இல் முதலாம் உலகப் போர் தொடங்கி ஐரோப்பியக் கப்பல்கள் குறைந்ததும் அந்த இடத்தை யப்பான் பிடித்தது. அவாஜித் தீவின் டான்டோ, நகோயாவின் சாஜி முதலிய தொழிற்சாலைகள் ஆங்கிலேயரின் ரோசாவையும் அல்லியையும் அப்படியே பார்த்து வார்த்துக் குறைந்த விலைக்கு அனுப்பின. அன்று யப்பானின் ஆட்சியில் இருந்த தாய்வானுக்கும், மலாயாவுக்கும், இந்தியாவுக்கும் அவை சென்றன. இந்தியச் சந்தைக்கென்று இலட்சுமியையும் கிருஷ்ணரையும் கூட யப்பானியர் ஓட்டில் வார்த்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இருக்கும் யப்பான் ஓடுகள் அந்த வணிகத்தின் சாட்சிகள்.

நோன்யா குடும்பங்கள் திருமண விருந்தில் பரிமாறிய கோப்பைகள் சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் வெந்தவை. அதே வீட்டின் வாசற்சுவர் ஓடுகளோ இங்கிலாந்திலோ யப்பானிலோ வெந்தவை. இந்த வேறுபாட்டை அறியாதவரிடம் இரண்டையும் ஒரே பெயரில் விற்றுவிடலாம்.

உண்மையான பழைய சீன ஓட்டைக் காண விரும்புபவர் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதர் தொழுகைக்கூடத்துக்குப் போகலாம். 18 ஆம் நூற்றாண்டில் கன்டனிலிருந்து தருவித்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள் அங்கே தரையில் இருக்கின்றன. அங்கு நுழைபவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு அவற்றின் மேல் நடக்கிறார்கள். அவற்றைப் பெயர்த்துத் தன் குளியலறையில் ஒட்ட வேண்டும் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். ஆனால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வாசலில் இருந்த ஓடு என்றால் துணிகிறோம்.

இரண்டாவது, 'வெப்பமண்டலப் பாணி'. அந்த ஓடுகள் வெப்பமண்டலத்துக்கு வந்தது அழகுக்காக மட்டுமல்ல. சிங்கப்பூரின் கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடிப் பாதை என்று ஒன்று உண்டு. 1822 இல் ராபிள்ஸ் நகரத் திட்டத்துக்கு விதித்த நிபந்தனைகளிலிருந்து வந்த கூரையிட்ட நடைபாதை அது. மழைச் சாரல் அடிக்கும். போவோர் வருவோர் தோளும் கூடையும் உரசும். வெறும் சுண்ணாம்புச் சுவரில் அந்த ஈரத்துக்குப் பாசி பிடிக்கும். எனவே ஜன்னலின் கீழ் இடுப்பளவு உயரத்துக்கு ஓடு பதித்தார்கள். ஈரத்துணியால் ஒரு துடைப்பு, சுவர் சுத்தம். வீட்டுக்காரரின் செல்வத்தைத் தெருவுக்குக் காட்டும் பெருமையும் அதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் மழையும் தெருவும் அயலவரும் இருந்ததனாலேயே அந்த ஓடு அங்கே இருந்தது. வெப்பமூட்டிய ஒரு கனடிய அறையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. அதிலுள்ள பூக்களில் பல, ஆங்கிலேயத் தோட்டத்து ரோசாக்கள். வெப்பமண்டலத்தை நினைவூட்டுவதற்கு ஆங்கிலேய ரோசாவைச் சீன ஓடு என்ற பெயரில் வாங்கிக் கனடாவில் ஒட்டுகிறோம்!

இவை இரண்டும் அறியாமை. அறியாமையை மன்னிக்கலாம். மூன்றாவது விடயத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு பழைய ஓடும் ஏதோ ஒரு சுவரிலிருந்து வந்தது. ஒருவருடைய சேகரிப்பில் நாற்பத்தெட்டு ஓடுகள் இருக்கின்றன என்றால், எங்கோ ஒரு வாசலில் நாற்பத்தெட்டுச் சதுரக் குழிகள் இருக்கின்றன, அல்லது அந்த வாசலே இல்லை.

பினாங்கில் 1966 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997 இல் நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது முற்றாகச் செயலிழந்தது. தலைமுறைகளாகக் குறைந்த வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேறினார்கள். ஜோர்ஜ் டவுனின் கடைவீடுகள் பல வெறுமையாகிக் கைமாறின. யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றது 2008 இல். வெறுமையான வீடும் பழம்பொருளுக்கு ஆசைப்படும் சந்தையும் ஒரே ஊரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்வந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே தூண் தனியாக, கதவு தனியாக, சட்டமிட்ட படம் தனியாக விற்பனைக்கு நிற்கும். ஒரு வீட்டை முழுதாக விற்பதைவிடத் துண்டு துண்டாக விற்பது இலாபம் என்று ஆகும் நாளில், அந்த வீட்டை நிற்கவிடுவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. அந்தக் கணக்கை எழுதுவது விற்பவர் மட்டுமல்ல, விலை கொடுக்கும் நாமும்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், திடுக்கிட வேண்டாம். இந்த ஓடுகள் வீடுகளில் மட்டும் பதிக்கப்பட்டவை அல்ல. சிங்கப்பூரின் புக்கிட் பிரவுண் இடுகாட்டில், 1922 முதல் 1973 வரை சீன சமூகத்தினரை அடக்கம் செய்த அந்தக் காட்டில், எத்தனையோ கல்லறைகள் இதே பூ ஓடுகளால் அலங்கரிக்கப்பட்டவை. 2018 இல் திறக்கப்பட்ட லோர்னி நெடுஞ்சாலைக்காக அங்கே நாலாயிரம் வரையான புதைகுழிகள் தோண்டி அகற்றப்பட்டன. வாசலில் இருந்த ஓட்டுக்கும் கல்லறையில் இருந்த ஓட்டுக்கும் முன்பக்கத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. விற்பவர் சொல்லாவிட்டால் உங்கள் சுவரில் இருப்பது எது என்று உங்களால் கூற முடியாது. எந்தத் தாயின் தலைமாட்டில் இருந்த பூவோ, அதன் கீழே அமர்ந்து கோப்பி குடிப்பவர்களாக நாம் ஆகிவிடக்கூடும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "நாங்கள் வாங்காவிட்டால் அவை இடிபாட்டோடு இடிபாடாகக் குப்பைக்குப் போயிருக்கும்" என்பார்கள். பல சமயம் அது உண்மை. தாய்வானின் சியாயி நகரில் 2016 முதல் பழைய ஓடுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை நிறுவிய சூ சியா-பின்னும் நண்பர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இடிக்கப்படவிருந்த வீடுகளைத் தேடிச் சென்று, கூரை முகடுகளிலும் முகப்புகளிலும் இருந்த ஓடுகளைக் கழற்றி, பின்னால் ஒட்டிய சாந்தைச் சுரண்டிச் சேகரித்தார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் இடிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பவரையும், கணினி முன் அமர்ந்து ஆறு வாரத்தில் பொதி வந்துசேரும் என்று காத்திருப்பவரையும் ஒரே பெயரால் அழைக்கக்கூடாது. முன்னவர் இடிபடப்போகும் வீட்டைத் தேடிப் போகிறார். பின்னவருடைய பணம் அடுத்த வீட்டைத் தேடிப் போகிறது.

இவ்வளவு கோபம் எதற்கு, வெறும் ஓடுதானே என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அம்மாவின் தந்தை மலாயாவில், தைப்பிங்கில், புகையிரதப் பகுதி இலிகிதராக இருந்தவர். 1930களில் ஓய்வு பெற்று, அக்காலத்து 'மலாயன் பென்சனியர்' பலரைப் போலவே ஊர் திரும்பி, வலிகாமம் வடக்கில் ஒரு கல்வீடு கட்டினார். வரும்போது இரண்டு மரப்பெட்டிகளில் ஓடுகள் கொண்டு வந்தாராம். விறாந்தைக்கு ஏறும் ஐந்து படிகளின் முகப்பிலும், வாசலின் இரு பக்கச் சுவரிலும் அவை பதிக்கப்பட்டன. பச்சை நடுவில் இளஞ்சிவப்புப் பூ. எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பெயர் 'சீனக்கல்'. "தம்பி, சீனக்கல்லிலை செருப்புக் காலாலை உதையாதை" என்பது அம்மம்மாவின் அன்றாட மந்திரம். வெள்ளிக்கிழமைகளில் அவற்றைத் துடைக்கும் வேலை எனக்கும் தங்கைக்கும் உரியது.

1990 ஆனியில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினோம். ஒரு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்தோம். அப்பகுதி விடுவிக்கப்பட்டது 2015 இல். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் போய் நின்றபோது கூரை இல்லை. கதவு நிலைகள் இல்லை. படிகள் இருந்தன. அவற்றின் முகப்பில் ஓடுகள் இருந்த இடமெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் சதுரம் சதுரமாக அச்சு மட்டும் தெரிந்தது.

கழற்றியவர் யார் என்று விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கழற்றிய விதமே என் நெஞ்சில் நிற்கிறது. குண்டு விழுந்து சிதறிய ஓடுகள் அல்ல அவை. ஓரத்தில் உளி வைத்து, உடையாமல், பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். அவ்வளவு பொறுமை எங்கிருந்து வரும்? எங்கோ ஒருவர் நல்ல விலை தருவார் என்ற நம்பிக்கையிலிருந்துதான் வரும்.

அடிப்படியின் மூலையில், மண்ணுக்குள் புதைந்து, ஒரு பாதி ஓடு கிடந்தது. கழற்றும்போது உடைந்ததால் விட்டுப் போயிருக்கிறார்கள். எடுத்துத் திருப்பினேன். பின்பக்கத்தில் 'இங்கிலாந்து' என்று முடியும் ஆங்கில எழுத்துகள். எங்கள் சீனக்கல் சீனாவைக் கண்டதே இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓடுகளின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

ஆகவே சேகரிப்பவர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. வாங்குமுன் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த ஊர்? எந்தக் கட்டடம்? ஏன் கழற்றப்பட்டது? கழற்றுமுன் எடுத்த படம் உண்டா? பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், தெரிந்த விபரங்களை ஓட்டின் பெயரோடு எழுதி வையுங்கள். பழைய மெருகுகளில் ஈயம் உண்டு. அளவுக்குப் பொருந்தவில்லை என்று அவற்றை அராவி வெட்டாதீர்கள், அந்தத் தூள் பிள்ளைகளுக்கு நஞ்சு. அழகுதான் வேண்டுமென்றால், அதே அச்சில் புதிதாகச் செய்யப்படும் ஓடுகள் இன்று கிடைக்கின்றன. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் ஓடு செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் ஒரு தொழிலாளியின் அடுப்பு எரியும், ஒருவருடைய வாசலும் இடிபடாது. என் பாட்டனாரும் புதிய ஓட்டைக் கடையில் வாங்கித்தான் பதித்தார்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் படியின் ஓடு ஏதாவதொரு சந்தையில் என் கண்ணில் பட்டால், கேட்ட விலையைக் கொடுத்து நானும் வாங்கிவிடுவேன். அந்த ஆசையின் பலம் எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் எச்சரிக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் மருமகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு விற்றவருக்கு அந்த நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்பியிருக்கிறாள். "பழைய வீடொன்று" என்று ஒரே வரியில் பதில் வந்ததாம். "மாமா, அம்மா உதைத் துடைச்சவவோ?" என்று கேட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்தாள் என்று சொன்னேன்.

பாதி ஓடு என் மேசையில் இருக்கிறது. அதன் முதுகில் ஒட்டிய சாந்தை நான் சுரண்டவில்லை. அந்தச் சுவரில் மிஞ்சியது அவ்வளவுதான்.