எதிர்மறை முன்னொட்டும் ஆங்கிலச் சொற்பெருக்கமும்

ஒரு மொழியைக் கற்கப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது சொல்வளம். இலக்கண விதிகளைப் பிழையறக் கற்றிருந்தும், சொற்பஞ்சத்தால் வாய் திறவாது வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் மாணவர் நம் கல்லூரிகளிற் பலர். தமிழ்வழிப் பள்ளிகளிற் பயின்று, சிற்றூர்களினின்றும் வந்து, முதலாண்டிலேயே ஆங்கில விரிவுரைகளைக் கேட்க நேரும் இவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர், சொல்லிற் குறைந்தவரே. இக்குறையை நீக்குதற்கு ஆசிரியர் காட்டும் உபாயங்களுள் ஒன்று, எதிர்மறை முன்னொட்டுக்களைக் கொண்டு சொற்களைப் பெருக்கிக் கொள்ளுதல். 'ஹாப்பி' என்பதை அறிந்தவன் 'அன்ஹாப்பி' என்பதையும், 'பாஸிபிள்' என்பதை அறிந்தவன் 'இம்பாஸிபிள்' என்பதையும் ஒரே முயற்சியிற் பெறுகின்றான். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் வீழ்கின்றன.

உபாயம் நன்றே. ஆயினும் அது கையாளப்படும் முறை நன்றன்று என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகும் கருத்து. தேர்வுக் கையேடுகளிற் பக்கம் பக்கமாக அடுக்கப்பெற்ற பட்டியல்களை மனனம் செய்து, 'எதிர்ச்சொல் தருக' என்னும் வினாவிற்கு விடையெழுதி, ஓரிரு மதிப்பெண் பெற்றவுடன் அச்சொற்களை மறந்துவிடுதல் கல்வியாகாது. பட்டியல் சொல்லைத் தரும், பொருளைத் தராது. பொருளறிந்து கற்றற்கு நம் தாய்மொழியே சிறந்த துணையாம் என்பதைச் சில சான்றுகளால் விளக்குவோம்.

முதலாவது, இம்முன்னொட்டுக்கள் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. 1786ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் முன் நிகழ்த்திய உரையில், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று கிளைத்தவையாதல் வேண்டும் என்று ஸர் வில்லியம் ஜோன்ஸ் கூறினார். ஆங்கிலமும் அக்குடும்பத்தைச் சார்ந்ததே. ஆதலின் ஆங்கிலத்தின் 'அன்', இலத்தீனின் 'இன்', கிரேக்கத்தின் 'அ', வடமொழியின் 'அ' ஆகிய நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அநீதி, அசுத்தம், அஞ்ஞானம் என்று நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். உயிரெழுத்து வருமிடத்து, 'அன்' என்று நகரம் தோன்றி ஆதி என்பது அநாதியாகவும், ஏகம் என்பது அநேகமாகவும் நிற்கும். கிரேக்கத்தினின்று வந்த 'அனார்க்கி' என்னும் சொல்லிலும் இதுவே நிகழ்கின்றது. அமிர்தம் என்னும் சொல்லை அறியாத தமிழர் இலர். இறவாமையைக் குறிக்கும் அச்சொல்லும், கிரேக்கத் தேவர்களின் உணவாகிய 'அம்ப்ரோஸியா'வும், இலத்தீன் வழிவந்த 'இம்மார்ட்டல்' என்பதும் உடன்பிறப்புக்களே. இவ்வுறவை ஒருமுறை உணர்ந்த மாணவன் 'இம்மார்ட்டல்' என்பதைப் பட்டியலில் தேடவேண்டுவதில்லை.

இரண்டாவது, வடிவம் பற்றியது. 'இன்' என்னும் முன்னொட்டு, 'பாஸிபிள்' முன் 'இம்' எனவும், 'லீகல்' முன் 'இல்' எனவும், 'ரெகுலர்' முன் 'இர்' எனவும் திரிகின்றது. பட்டியலை உருப்போடுவோனுக்கு இவை நான்கு முன்னொட்டுக்கள்; புணர்ச்சியிலக்கணம் பயின்ற தமிழ் மாணவனுக்கு ஒன்றே. 'மரம்' என்பது 'கள்' என்னும் விகுதியோடு சேருங்கால் 'மரங்கள்' ஆவது ஏன் என்று கற்றவன், வருமொழி முதலுக்கேற்ப நிலைமொழி ஈறு திரிதலை வியப்பான் அல்லன். 'அன்' என்பதோ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்காதலின் அங்ஙனம் திரியாது. 'அன்பாப்புலர்', 'அன்லக்கி', 'அன்ரியல்' என இயல்பாகவே நிற்கும். பெயரடையில் 'அன்' பெற்ற சொல் பண்புப்பெயராகுங்கால் 'இன்' பெறுதலும் உண்டு. 'அன்ஜஸ்ட்' என்பது 'இன்ஜஸ்டிஸ்' ஆகும்; 'அன்ஈக்வல்' என்பது 'இனீக்வாலிட்டி' ஆகும்.

மூன்றாவதும் தலையாயதும் பொருள் பற்றியது. எதிர்மறை என்பது ஒரு தன்மைத்தன்று. இதனை நம் முன்னோர் நன்குணர்ந்து அன்மை வேறு, இன்மை வேறு எனப் பகுத்தனர். ஒன்று மற்றொன்றாகாமை அன்மை. ஒன்றன்கண் ஒரு பொருள் இல்லாமை இன்மை. உயர்திணை அல்லாதது அஃறிணை, அஃது அன்மை. அருளில்லாமை இன்மை. இப்பகுப்பைக் கைக்கொண்டு ஆங்கிலச் சொற்களை நோக்குக. 'நான்ஹ்யூமன்' என்றால் மனிதரல்லாதது. விலங்கும் மரமும் அவ்வகையின. அதிற் பழியேதும் இல்லை. 'இன்ஹ்யூமன்' என்றால் மனிதத்தன்மை இல்லாதது. அது மனிதரையே சாடும் சொல். இரண்டிற்கும் 'ஹ்யூமன்' என்பதன் எதிர்ச்சொல் என்று பட்டியல் கூறும். பசுவை 'இன்ஹ்யூமன்' என்றெழுதும் மாணவனை நகைத்தலிற் பயனில்லை. பட்டியலன்றோ அவனை அவ்வாறு எழுதச் செய்தது!

அன்மை, இன்மைகளோடு மறுதலித்தல் என்பதும் ஒன்றுண்டு. 'அன்லாக்' என்பது பூட்டாமையன்று, பூட்டியதைத் திறத்தல். 'டிஸ்ஒபே' என்பது கீழ்ப்படிய மறுத்தல். இனி, 'மிஸ்' என்னும் முன்னொட்டோ பெரும்பாலும் பிழைபடுதலைக் காட்டுவது. 'மிஸ்ரீட்' என்றால் படியாமையன்று, பிழைபடப் படித்தல். இக்காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். தவறான செய்தி 'மிஸ்இன்ஃபர்மேஷன்'. பொய்யென அறிந்தே பிறரை ஏமாற்றப் பரப்புவது 'டிஸ்இன்ஃபர்மேஷன்'. முன்னது அறியாமையிலும் நிகழலாம், பின்னது குற்றம். ஒருவர்மீது எதனைச் சுமத்துகின்றோம் என்பதை அறிய இம்முன்னொட்டின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். அங்ஙனமே, நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டெட்' ஆக, அதாவது தன்னலப் பற்றற்ற நடுநிலையாளராக, இருத்தல் வேண்டும். 'அன்இன்ட்ரஸ்டெட்' ஆக, அதாவது வழக்கில் அக்கறையற்றவராக, இருப்பின் நீதி பிழைக்கும்.

இனி, எதிர்மறை போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களும் உள. 'வேல்யுவபிள்' என்றால் மதிப்புடையது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது அன்று, மதிப்பிட்டுக் கூறவொண்ணாதது. 'இன்ஃபேமஸ்' என்றால் புகழில்லாதவன் அல்லன், இழிபுகழ் பெற்றவன். இவையெல்லாம் தேர்வுத்தாளோடு ஒழியும் பிழைகளே என்று எண்ணுதற்கில்லை. 'இன்ஃப்ளேமபிள்' என்னும் சொல்லிலுள்ள 'இன்' எதிர்மறையன்று. 'உள்' என்னும் பொருள்பட இலத்தீனில் நின்ற வேறொரு முன்னொட்டு. ஆகவே அச்சொல்லின் பொருள் எளிதில் தீப்பற்றுவது என்பதே. 'இன்' எங்கும் இன்மையைக் குறிக்குமென மனனம் செய்தவன், பெட்ரோல் லாரியின் பின்புறத்தில் அச்சொல்லைக் கண்டு, தீப்பற்றாதது என்று எண்ணி அருகே நெருப்பைக் கொண்டு சென்றால் நேர்வது யாது? இவ்வபாயத்தை அஞ்சியே, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் 'ஃப்ளேமபிள்' என்னும் சொல்லையே வழங்குமாறு வற்புறுத்தலாயிற்று. தீப்பற்றாததை இப்போது 'நான்ஃப்ளேமபிள்' என்பர். ஒரு முன்னொட்டைப் பிழைபட உணர்தல் உயிர்க்கே கேடாதலும் கூடும்.

நம் நாட்டு வரலாறும் எதிர்மறைச் சொற்களின் ஆற்றலுக்குச் சான்று பகரும். 1920ஆம் ஆண்டிற் காந்தியடிகள் தலைமையில் எழுந்த 'நான்கோஆபரேஷன்' இயக்கத்தைத் தமிழர் 'ஒத்துழையாமை' என்றனர். 1930ஆம் ஆண்டின் 'டிஸ்ஒபீடியன்ஸ்' இயக்கத்தைச் 'சட்டமறுப்பு' என்றனர். 'நான்' என்பதற்கு ஆமை விகுதியும், 'டிஸ்' என்பதற்கு மறுப்பும் எத்துணைப் பொருத்தமாக வந்தமைந்தன! ஒன்று கைவிட்டு விலகிநிற்றல். மற்றொன்று எதிர்நின்று மறுத்தல். 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு ஒழித்த 'அன்டச்சபிலிட்டி' என்பதும் தமிழிற் 'தீண்டாமை' என்றே நின்றது. இச்சொற்களைத் தமிழாக்கியோர் பட்டியலை நோக்கியவர் அல்லர். இரு மொழிகளின் உள்ளத்தையும் நோக்கியவர்.

ஆங்கில வகுப்பில் தமிழைப் புகுத்தினால் ஆங்கிலத்தில் எண்ணும் பழக்கம் கெடும் என்று சிலர் தடை கூறுவர். அத்தடை முற்றிலும் வலியற்றதன்று. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் அமைத்துப் பின் பெயர்த்தெழுதுவோன் நல்ல ஆங்கிலம் எழுதான். ஆயினும் யாம் வேண்டுவது பெயர்த்தெழுதுதல் அன்று, எடைபோடுதலே. புதுச்சொல்லின் எடையைக் காணத் துலாக்கோல் ஒன்று வேண்டுமன்றோ? தமிழ் மாணவன் கையில் முன்னரே உள்ள துலாக்கோல் அவன் தாய்மொழி. அதனை வகுப்பறை வாயிலில் வைத்துவிட்டு வரச் சொல்லுதல் தகாது. மேலும், தமிழும் ஆங்கிலமும் ஒரு குடும்பத்தனவல்ல என்பதை, திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் தனிக்குடும்பமாக நாட்டிய நாள்முதல் உலகம் அறியும். தனித்தமிழ்ச் சொற்கள் 'அ' என்னும் முன்னொட்டை ஏலா. 'அநல்ல' என்று கூறுவார் யாரும் இலர். நாம் அறியாமை, அறியாத, அறியான் என வினையின் உள்ளேயே எதிர்மறையை வைக்கின்றோம். வேறுபட்ட இவ்விரு நெறிகளையும் ஒப்புநோக்குவோன் இரு மொழிகளையும் தெளிவாகக் கற்பான்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் யாம் வேண்டுவது இதுவே: வினாத்தாள்களில் 'எதிர்ச்சொல் தருக' என்பதைக் குறைத்து, 'வேறுபாடு விளக்குக' என்பதைப் பெருக்குங்கள். வாரம் ஒருமணி நேரமேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரு சொற்குடும்பத்தை இருபுறமும் நின்று ஆராய்ந்து காட்டுங்கள். மாணவ நண்பர்காள்! நீவிர் குறிப்பேடு ஒன்று வைத்து, அடிச்சொல்லையும், முன்னொட்டுப் பெற்ற சொல்லையும், அதன் பொருளை நீவிரே தமிழில் உரைத்த தொடரையும் வரிசையாக எழுதுக. எழுதுமுன், இஃது அன்மையோ, இன்மையோ, மறுத்தலோ, பிழையோ, அன்றி எதிர்மறையே அல்லாததோ என்று வினவுக. நாளொன்றுக்கு இரண்டு சொல் போதும். மூன்றாண்டுக் கல்லூரி வாழ்வு முடியுங்கால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் நும் உடைமையாயிருக்கும். அவை தேர்வு முடிந்தவுடன் பறந்துபோகும் சொற்களல்ல. பேசவும், எழுதவும், வேண்டுங்கால் அநீதியை அநீதி என்று அஞ்சாது கூறவும் உதவும் சொற்களாம்.