ஒரு மலை, மூன்று ஜில்லா

ஜவ்வாது மலை ஒரே மலைதான். அதன் மேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் ஒரே ஜனங்கள்தான். நாடு நாடாகப் பிரிந்து, நாட்டார், ஊர்க் கவுண்டர் என்று தமக்குள் நிர்வாகம் வகுத்துக்கொண்டு வாழ்ந்து வந்தவர்கள். ஆனால் ஓட்டுச் சீட்டின் முன்னே அவர்கள் ஒரே ஜனங்களாக நிற்க முடியவில்லை. 1989-ல் வட ஆற்காடு ஜில்லாவைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி ஜில்லாவாக்கிய போது மலை இரண்டாயிற்று. 2019-ல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்த போது மலையும் மூன்றாயிற்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைக்கு, புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் திருப்பத்தூருக்கு, பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் வேலூருக்கு. கலெக்டர்களின் சௌகரியத்துக்காகக் கிழித்த கோடுகள் இவை. ஆயினும் சட்டசபைத் தொகுதிகளும் இக்கோடுகளை ஒட்டியே அமைகின்றன என்பதை நம் அரசியல்வாதிகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜமுனாமரத்தூரைத் தன்னுள் கொண்ட கலசபாக்கம் தொகுதியின் சரித்திரத்தைப் பார்ப்போம். 1977, 1980, 1989, 1996 ஆகிய நான்கு தேர்தல்களில் தி.மு.க.வின் பெ.சு. திருவேங்கடம் அத்தொகுதியில் ஜெயித்தார். 1984-ல் அ.தி.மு.க.; 1991-ல் காங்கிரஸ். 2001 முதல் 2016 வரை நான்கு முறை தொடர்ந்து அ.தி.மு.க. 2021-ல் திருவேங்கடத்தின் குமாரர் சரவணன் தந்தையின் கட்சிக்கே தொகுதியை மீட்டுக் கொடுத்தார். கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது மட்டும் எப்பொழுதும் சமவெளியின் வாக்கே. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டர்கள் உள்ள தொகுதியில், 11 ஊராட்சிகளைக் கொண்ட மலை ஒன்றியத்தின் வாக்கு கடலில் கரைந்த உப்புத்தான். இதற்காக எந்த அபேட்சகரையும் நாம் குறை கூறவில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

அந்தக் கணக்கையே சற்று ஆராய்வோம். 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தில் அந்நியன் சென்னைச் சட்டசபையின் 215 ஸ்தானங்களில் ஒன்றே ஒன்றைப் பிற்பட்ட பிரதேசங்களுக்கும் மலைவாசிகளுக்குமாக ஒதுக்கினான். அதைப் பிச்சை என்றோம். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் ஜனத்தொகைக்கேற்ற ஸ்தானங்கள் என்ற தர்மத்தை ஏற்றது, அது பெருமைக்குரியதே. ஆனால் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இருந்த மூன்று ஸ்தானங்கள் 2008-ம் வருஷத்து எல்லை வரையறையில் இரண்டாகக் குறைந்தன. ஏற்காடும் சேந்தமங்கலமும் நின்றன. பச்சைமலையை உள்ளடக்கிய உப்பிலியபுரம் மறைந்தது. 2001-ம் வருஷக் கணக்கின்படி பழங்குடியினர் 6,51,321 பேர். அந்த விகிதத்துக்கு 234-ல் ஏறத்தாழ 2.44 ஸ்தானங்கள் வரும். அதை 2 என்று முடித்தார்கள். 2011-ம் வருஷக் கணக்கில் அவர்கள் 7,94,697 பேர். இப்பொழுது வகுத்தால் 2.58 வருகிறது, முழு எண்ணாக்கினால் 3. ஆகவே நாம் சலுகை கோரவில்லை; சரியாகக் கணக்குப் போடுங்கள் என்கிறோம்.

மூன்றாவது ஸ்தானம் எங்கே போகும்? மொத்த ஜனத்தொகையில் பழங்குடியினரின் விகிதம் எங்கே அதிகமோ, அங்கே ஒதுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து எல்லை வரையறைச் சட்டத்தின் விதி. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. 2011-ல் திருவண்ணாமலை ஜில்லாவில் 90,954 பழங்குடியினர். பிரியாத வேலூரில் 72,955 பேர். இவர்கள் எல்லோரும் மலைமேல் உள்ளவர்கள் அல்லர். இருளர் முதலியோர் சமவெளியிலும் உண்டு. எனினும் கொல்லிமலையைக் கொண்ட நாமக்கல் ஜில்லாவில் 57,059 பேர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு ஸ்தானம் இருக்கிறது, இங்கே இல்லை. மலையைத் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் ஒரு சமவெளித் தொகுதியில் கரைத்த பின் விகிதம் எங்கிருந்து வரும்? பார்லிமெண்டிலும் இதே கதிதான்: கலசபாக்கம் திருவண்ணாமலைத் தொகுதியில், பீஞ்சமந்தை அடங்கிய அணைக்கட்டு வேலூர்த் தொகுதியில்.

ருஷ்யாவின் தேர்தல்களைப் பற்றி நமக்கு மயக்கம் ஒன்றுமில்லை. 2016-ல் நகரங்களைப் பூவிதழ்போல் வெட்டிக் கிராமப்புறங்களோடு ஒட்டி டூமாத் தொகுதிகளை வகுத்த தேசம் அது. ஆனாலும் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. 20,000 ஜனங்கள்கூட இல்லாத ஏவெங்கிப் பிரதேசம் 2007-ல் கிராஸ்நொயார்ஸ்க் பிராந்தியத்தோடு இணைந்து தனித்தன்மையை இழந்தது. அப்பொழுது பிராந்தியச் சட்டசபையின் 52 ஸ்தானங்களில் இரண்டை ஏவெங்கிக்கென்றே ஒதுக்கினார்கள். ஜனநாயகத்தில் நமக்குப் பாடம் சொல்லத் தகுதியற்றவர்கள் செய்ததை நாம் செய்யலாகாதா?

ஒரு பிரதிநிதி வந்து விட்டால் மலையில் பாலும் தேனும் ஓடுமா என்று கேட்பார்கள். ஓடாது. சேந்தமங்கலத்தின் அங்கத்தினரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவரே. ஆனால் 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸார் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மாண்டவர்களில் ஜவ்வாது மலையாரும் உண்டு. வயிற்றுப்பாட்டுக்குப் பிற ராஜ்யத்துக் காட்டுக்கு ஏன் போனார்கள் என்று சட்டசபையில் எழுந்து கேட்க, அம்மலையின் வாக்குக்கே கடமைப்பட்டவர் ஒருவரும் இருக்கவில்லை. 2023 மே மாதத்தில் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்துக் குழந்தை ஒன்று மாண்டது. சாலையில்லாததால் பெற்ற தாயே அதன் உடலைச் சுமந்து நடந்தாள். காவலூரில் 1986 முதல் பெரிய தூரதர்சினி வைத்து நக்ஷத்திரங்களை ஆராய்கிறோம். அதே மலைத் தொடரில் வண்டி போக வழியில்லை!

2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரையில் ஸ்தானங்களின் மொத்த எண்ணிக்கையை மாற்றலாகாது என 84-வது திருத்தம் விதித்தது. ஒதுக்கீட்டு ஏற்பாட்டுக்கே 2030 ஜனவரி வரையில்தான் ஆயுள். தமிழ்நாட்டுக்கு எத்தனை ஸ்தானம் குறையும் என்பதைப் பற்றியே நம் தலைவர்கள் முழங்குகிறார்கள். அது நியாயமான கவலை. அந்த முழக்கத்தில் மலையின் குரல் அமுங்கி விடலாகாது. மூன்று ஜில்லாக்களிலும் உள்ள மலை ஊராட்சிகள் இப்பொழுதே ஒரே விதமான தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்: ஜில்லா எல்லை எப்படியிருந்தாலும் ஜவ்வாது மலை முழுவதும் ஒரே சட்டசபைத் தொகுதியில் அடங்க வேண்டும் என்று. 2002-ம் வருஷத்துச் சட்டத்தின்படி நகல் திட்டத்தைப் பிரசுரித்துப் பகிரங்கக் கூட்டங்களில் ஆட்சேபங்களைக் கேட்பது கமிஷனின் கடமை. அடுத்து வரும் கமிஷன் அக்கூட்டங்களுள் ஒன்றை ஜமுனாமரத்தூரிலேயே நடத்த வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யுமாறு ராஜ்ய சர்க்கார் கமிஷனை வற்புறுத்த வேண்டும்.