எஃப்.சி. முடிஞ்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன?

ஒரு லோடு ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் அடுத்த ஆண்டு வரை இருக்கிறது. எஃப்.சி. மட்டும் முடிந்து 10 நாள் ஆகிவிட்டது. டிங்கரிங், பெயிண்டிங், டயர் என்று செலவு இழுப்பதால் 'அடுத்த வாரம் காட்டிக்கலாம்' என்று உரிமையாளர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு வாரத்துக்குள் விபத்து நடந்தால்? 'அதான் இன்சூரன்ஸ் இருக்கே' என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

எஃப்.சி. முடிந்த அன்றே இன்சூரன்ஸ் பாலிசி ரத்தாகிவிடாது. அதற்கு ஒரு தேதி, இதற்கு ஒரு தேதி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போக்குவரத்து வாகனத்துக்கு தகுதிச் சான்று இல்லையென்றால், அது முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 56-வது பிரிவு. பதிவில்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது 39-வது பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எஃப்.சி. முடிந்த வண்டி நம்பர் பிளேட் இருந்தும் பதிவில்லாத வண்டிக்குச் சமம். கிளைம் வரும்போது இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது இந்த முடிச்சைத்தான்.

அடிபட்டவருக்குப் பணம் வருமா?

பெரும்பாலும் வரும். ஆனால் கடைசியில் அது யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி.

பரீது பிள்ளை வழக்கில் 2018-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, எஃப்.சி. இல்லாமல் ஓட்டுவது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று தீர்ப்பளித்தது. இதுபோன்ற வழக்குகளில் பின்பற்றப்படுவது 'பே அண்ட் ரெகவர்' முறை. அதாவது, பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிடும். பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும். இதற்காக அது தனியாக வழக்குப் போட வேண்டியதுகூட இல்லை; நிறைவேற்று நீதிமன்றத்தில் மனு போட்டாலே போதும். உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சம் ரூபாய் வரை போகும். ஒரே ஒரு வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அந்த நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உரிமையாளர் தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது. எந்தெந்தக் காரணங்களைச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம் என்று 150-வது பிரிவு (முன்பு 149) பட்டியல் போட்டிருக்கிறது. பெர்மிட், லைசென்ஸ் எல்லாம் அதில் உண்டு. எஃப்.சி. என்ற வார்த்தை இல்லை. 'பிரீமியம் வாங்கும்போது கேட்காத எஃப்.சி.யை கிளைம் பண்ணும்போது மட்டும் கேட்பது ஏன்?' என்ற ஆதங்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆதங்கம் தீர்ப்பாயத்தில் செல்லாது.

சொந்த வண்டி சேதமானால்?

இங்கே நிலைமை இன்னும் கடினம். 2011-ல் ஒரு புது பொலிரோவின் தற்காலிகப் பதிவு ஜூலை 19-ம் தேதி முடிந்தது. பஞ்சாபில் இன்சூரன்ஸ் எடுக்கப்பட்ட அந்த வண்டி, ஜூலை 28-ம் தேதி இரவு ஜோத்பூரில் விருந்தினர் விடுதிக்கு வெளியே நின்றபோது திருடுபோனது. நிறுத்தி வைத்த வண்டி திருடுபோனதற்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பதிவில்லாமல் சாலையில் ஓட்டி வந்ததே அடிப்படை மீறல் என்று கூறி, இழப்பீடு தர வேண்டியதில்லை என 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சுஷில் குமார் கோதாரா வழக்கு. இதில் எஃப்.சி. பிரச்னையே இல்லை. ஆனால் 56-வது பிரிவு வழியாக, எஃப்.சி. முடிந்த வண்டிக்கும் இதே வாதத்தை வைக்க முடியும்.

வேறு மாதிரி தீர்ப்பும் உண்டு. நிதின் கண்டேல்வால் வழக்கில் (2008), சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி கிளைமை மறுத்தது இன்சூரன்ஸ் நிறுவனம். திருட்டுக்கும் அந்த மீறலுக்கும் தொடர்பில்லை என்ற உச்ச நீதிமன்றம், 75 சதவீதம் கொடுக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. முழு கிளைமும் மறுக்கப்பட்டவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். விபத்து நடந்த தேதிதான் கணக்கு. மறுநாளே ஓடிப்போய் எஃப்.சி. வாங்கினாலும் அது பின்தேதிக்குப் பொருந்தாது.

வெள்ளை போர்டு கார் வைத்திருப்பவர்கள்?

சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகளுக்கு எஃப்.சி. தொல்லை இல்லை, ஆர்.சி.யே போதும். அதன்பிறகு வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் அதுவும் பதிவில்லாத வண்டிதான். அப்பா காலத்து மாருதியை வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

புகைச் சான்றையும் எஃப்.சி.யையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். புகைச் சான்று இல்லை என்பதற்காக கிளைமை மறுக்க முடியாது என்று 2020-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விளக்கம் கொடுத்துவிட்டது. எஃப்.சி.க்கு அந்தச் சலுகை இல்லை.

எஃப்.சி. முடியும் தேதியை எம்-பரிவாகன் ஆப்பிலேயே பார்க்கலாம். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். மேலே சொன்ன லோடு ஆட்டோவுக்கு 10 நாளுக்கு 500 ரூபாய். அதைக் கட்டி, சான்று கைக்கு வரும் வரை வண்டியை ஷெட்டிலேயே நிறுத்தி வைப்பதுதான் அந்த உரிமையாளருக்கு ஆகக் குறைந்த செலவு.