மார்கழிக் குளிரும் இறால் குட்டையும்

மார்கழி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் மேகமலைப் பக்கமிருந்து குளிர் இறங்குகிறது. நாம் போர்வைக்குள் சுருண்டு கொள்கிறோம். குட்டையில் வளரும் இறால் என்ன செய்யும்?

இறாலும் நண்டும் குளிர் இரத்தப் பிராணிகள். தண்ணீரின் சூடுதான் அவற்றின் உடம்புச் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் பசி குறையும். ஓடு கழற்றுவது தள்ளிப் போகும். ஓடு கழற்றாமல் அவை வளர முடியாது. கடலோரத்துச் சேற்று நண்டு, 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே மந்தமாகிவிடும். 12 டிகிரியில் தின்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும்.

தேனி மாவட்டத்தில் கடல் இல்லை. இங்கே குட்டை வெட்டுகிறவர்களுக்கு ஏற்றது நன்னீர் இறால். அதற்கு 29 முதல் 31 டிகிரி வரை இதமான சூடு. 14 டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும். பள்ளத்தாக்கின் தரையில் அவ்வளவு குளிர் வருவதில்லை. அப்படியானால் கவலை இல்லையே என்பீர்கள். இருக்கிறது!

நஷ்டம் எங்கே?

இறால் வளர்ப்புச் செலவில் பாதி அளவுக்குத் தீனியே விழுங்கிவிடும். குளிர் நாளில் இறால் அரை வயிறுதான் தின்னும். வளர்ப்பவரோ வழக்கமான அளவையே வீசுகிறார். மிஞ்சியது அடியில் அழுகுகிறது. அம்மோனியா உண்டாகிறது, பிராணவாயு குறைகிறது. காசு கொடுத்து வாங்கிய தீனியே விஷமாகிறது!

நம் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் கடலோர இறாலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 1994-ல் இந்தியப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் புகுந்தது. பல குட்டைகள் காலியாயின. 2009-ல் வனாமி இறால் வந்த பிறகும் அந்த நோய் போகவில்லை. தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அந்தக் கிருமி அடங்குகிறது. மழையும் குளிரும் சேர்ந்தால் தலை தூக்குகிறது.

தண்ணீர் வரும் மாதம்

பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்குப் பெரியாற்றுத் தண்ணீரை ஜூன் மாதத்தில் திறப்பது வழக்கம். கிணறுகள் ஊறிய பின் ஆடியில் குஞ்சு விட்டால், இறால் பெருத்து அதிகம் தின்ன வேண்டிய மாதங்கள் கார்த்திகை, மார்கழியாகவே அமையும். அதாவது தீனிச் செலவு ஏறும்போது பசி இறங்குகிறது!

கோடையிலும் கிணறு வற்றாதவர்கள் பங்குனியிலேயே குஞ்சு விட்டு, ஐப்பசிக்குள் பிடித்து விற்கலாம். மற்றவர்கள் குட்டையில் நாலைந்து அடி தண்ணீர் நிறுத்தட்டும். ஆழமில்லாத குட்டை ஒரே இரவில் குளிர்ந்துவிடும். வெயில் ஏறிய பிறகே தீனி போட வேண்டும். அதற்கு முன் தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்து, மிச்சம் கிடந்தால் அன்றைய அளவைக் குறைத்துவிட வேண்டும்.