பிளக் ஒயர் மாற்றினால் கார் பறக்குமா?

பழைய கார் வாங்கியவுடன் நம்மூர் ஆட்கள் செய்யும் முதல் காரியம் சீட் கவர் மாற்றுவது. இரண்டாவது, "இதை மட்டும் மாத்திப் பாருங்க சார், பிக்கப் பிச்சுக்கும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டு மயங்குவது. அந்த "இது" பல சமயங்களில் சிவப்பிலோ நீலத்திலோ பளபளக்கும் தடிமனான பிளக் ஒயர் செட்டாக இருக்கும். சாதாரண செட் சில நூறு ரூபாய், வெளிநாட்டு செட் சில ஆயிரம். கூடுதலாகக் கொடுக்கும் அந்தப் பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது?

முதலில் அந்த ஒயரின் வேலையைப் பார்ப்போம். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர், மூன்று பிளக் ஒயர், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு இன்னொன்று. பேட்டரி தரும் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. அதை வழியில் சிந்தாமல் பிளக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஒயரின் வேலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விற்பவர்கள் சொல்லும் முக்கியமான வாதம்: "சாதாரண கார்பன் ஒயரில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், இதில் குறைவு, அதனால் ஸ்பார்க் பலமாக வரும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரெசிஸ்டன்ஸ் தவறி வந்ததல்ல, ரேடியோ இரையாமல் இருக்கவும் காரிலுள்ள மின்னணுக் கருவிகள் குழம்பாமல் இருக்கவும் வேண்டுமென்றே வைத்தது. பெரும்பாலான பிளக்குகளுக்குள்ளேயே இதற்காக 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் உண்டு.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஸ்பார்க் பாயும்போது ஓடும் கரண்ட் சில பத்து மில்லி ஆம்பியர்தான். 50 மில்லி ஆம்பியர், 5,000 ஓம் என்று வைத்தால் ஒயரில் இழப்பது 250 வோல்ட். பத்தாயிரங்களில் பேசும் இடத்தில் இது பெரிய நஷ்டமில்லை. அதோடு, ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும் அடுப்பைத் தீப்பந்தம் வைத்துப் பற்றவைத்தாலும் சோறு சீக்கிரம் வேகாது. பெட்ரோல் கலவை ஒழுங்காகப் பற்றிவிட்டால், அதற்கு மேல் பெரிய ஸ்பார்க்கால் பெரிய லாபமில்லை.

8 எம்.எம்., 10 எம்.எம். என்று போடுகிறார்களே, அது? அது மேலுறையோடு சேர்த்த தடிமன். உள்ளே கரண்ட் போகும் பாதையின் அளவல்ல.

"ஆனால் மாற்றிய பிறகு வண்டி நிஜமாகவே நன்றாக ஓடுகிறதே!" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கழற்றிப் போட்டது பல வருடம் எஞ்சின் சூட்டில் வெந்து, வெடித்து, மழை பெய்தால் மிஸ் அடிக்கும் ஒயர். பெரும்பாலும் அதே நாளில் பிளக்கும் ஏர் ஃபில்டரும்கூட மாற்றியிருப்பார்கள். அந்த இடத்தில் புதிய சாதாரண செட்டைப் போட்டிருந்தாலும் அதே சந்தோஷம் கிடைத்திருக்கும். ஒப்பிட வேண்டியது புதியதையும் புதியதையும். போதாததற்கு, ஐயாயிரம் கொடுத்தபின் "வித்தியாசமே தெரியல" என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? :)

ஒரு பேச்சுக்கு மைலேஜ் 1 சதவீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய். மிச்சம் மாதம் 33 ரூபாய். ஐயாயிரம் ரூபாய் செட் போட்ட காசை எடுக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இன்று ஓடும் வண்டி இன்னும் பன்னிரண்டு வருடம் ஓடுமா என்பது தனிக் கேள்வி.

அதற்காக நல்ல ஒயரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரேஸ் எஞ்சின், டர்போ வைத்து அழுத்தம் கூட்டிய எஞ்சின், எல்.பி.ஜி. கிட் மாட்டிய வண்டி போன்றவற்றில் ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும். அங்கே சூடு தாங்கும் நல்ல சிலிக்கோன் உறைக்குக் காசு கொடுக்கலாம். இன்னொரு பக்கம், இப்போது வரும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் காயில் உட்கார்ந்திருக்கிறது. மாற்றுவதற்கு ஒயரே கிடையாது.

சாதாரணக் கார்க்காரர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஓர் இருட்டான இரவில் எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் பானட்டைத் திறந்து பார்க்கட்டும். ஒயரைச் சுற்றி நீலப்பொறி பறந்தால் மாற்றியே ஆக வேண்டும். மிஸ் அடிக்கும் வண்டியைத் தள்ளிப்போட்டு ஓட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே சுட்டுவிடும். அது ஒயரைவிடப் பல மடங்கு செலவு. கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் ரப்பர் தலையைப் பிடித்து, ஒவ்வொன்றாக மாற்றினால் வரிசை குழம்பாது.

கம்பெனி சொன்ன அளவில் தரமான செட் போதும். மிச்சமாகும் ஆயிரங்களுக்குத் தேய்ந்த டயரும் பிரேக் பேடும் காத்திருக்கின்றன. வண்டி வேகமாகப் போவதைவிட, வேண்டிய இடத்தில் நிற்பது முக்கியமில்லையா?