குறையைத் தேடிய துணிவு

அய்லீன் கொலின்ஸ் 1995இல் அமெரிக்க விண்ணோடத்தைச் செலுத்திய முதற் பெண். 1999இல் தலைமை தாங்கிய முதற் பெண். பொது அறிவுப் பரீட்சைக்கு இவ்வளவும் போதும். மாணவியர் அறிய வேண்டியது அவரது 2005ஆம் ஆண்டுப் பயணத்தையே.

2003இல் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது கழன்ற நுரைத் துண்டொன்று இறக்கையைத் துளைத்தது. திரும்பும் வழியில் எழுவரும் மாண்டனர். அதன்பின் முதலிற் பறந்த டிஸ்கவரிக்குக் கொலின்ஸே தளபதி. விண்வெளி நிலையத்தை நெருங்கியதும் ஓடத்தை மெல்லக் குட்டிக்கரணமடிக்கச் செய்தார். நிலையத்தில் இருந்தவர்கள் அதன் அடிப்பாகத்தைப் படம்பிடித்துச் சேதம் உண்டா என்று ஆராய வழிசெய்தார். பறப்பதைவிடப் பெரிய துணிவு இதுவென்பேன்.

பெற்றோரே, புள்ளி குறைந்த விடைத்தாளை மகள் ஒளிக்காமல் நீட்டினால் ஏசாதீர்கள். எங்கே பிழைத்தது என்று அவளோடு அமர்ந்து பாருங்கள். பிழையைக் காட்டப் பயப்படாதவளே தூரம் போவாள்.