ஒரு காலின் விலை 35,000 ரூபாவா?



ஊர் மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறோம்.

ரெண்டு கிழமையாக ஊரில் ஒரு கதை ஓடுகிறது. தேத்தண்ணிக் கடையிலும் அதுதான், பள்ளிவாசல் ஹவுழடியிலும் அதுதான், வட்ஸ்அப் குரூப்பில் வொய்ஸ் மெசேஜாகவும் சுற்றுகிறது. "ஸலாம் சொல்லி முடிச்ச பிரச்சினைய அந்த மேசன்ட பொஞ்சாதி திரும்பத் தோண்டுறா. லோயர்ட்டப் போயிட்டா. காசு ருசி கண்டுட்டாங்க."

அந்த "ஸலாம் சொல்லி முடிச்ச" இடத்தில் நாங்களும் இருந்தோம். அதனால்தான் எழுதுகிறோம்.

என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள். சுபஹு தொழுதுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போன மனுசன். சந்தியில் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று சிக்னலும் போடாமல், பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காமலும் திரும்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே ரெண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் வாட்டில் ஊசி மயக்கத்தில் கிடக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் என்று ஒரு கூட்டம் போனது. அதில் மரைக்காயர்மார் இருந்தார்கள், டிப்பர் முதலாளி இருந்தார், நாங்களும் இருந்தோம். அந்தப் பெண்ணை வெளியே நிற்கச் சொன்னோம். "டிரைவரும் நம்மட பொடியன்தான், அவனுக்கும் நாலு பிள்ள, பொலிஸ் கேஸ் என்று இழுத்தடிக்காம முடிச்சுக்குவம்" என்று பேசினோம். என்வலப்பில் 35,000 ரூபா. "எங்களுக்கு எந்த முறைப்பாடும் இல்லை, மன்னித்துவிட்டோம்" என்று ஒரு பேப்பர். "சேர், நீங்க எழுதுங்க, உங்கட எழுத்துத்தான் வடிவு" என்றார்கள். எழுதினோம். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிற அதே கையால் எழுதினோம். அவர் பெருவிரலை வைத்தாரா, கையெழுத்துப் போட்டாரா என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை. அவ்வளவு அவசரம்.

வெளியே வந்து, "அல்ஹம்துலில்லாஹ், ஊர்ப் பிரச்சினை ஊரோட முடிஞ்சு" என்று ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம்.

அந்த 35,000 கிளினிக்குப் போய்வர ஓட்டோக் கூலிக்கும் மருந்துக்கும் ரெண்டு மாதம் வந்தது. அதோடு சரி. முறிந்த கால் ஒன்றரை அங்குலம் கட்டையாகிவிட்டது. ஏணியில் ஏற முடியாத மேசனுக்கு யார் வேலை கொடுப்பது? இப்போது இன்னொரு ஒப்பரேஷன் வேண்டும் என்கிறார் டொக்டர்.

மூத்த மகன் எங்கள் வகுப்புப் பிள்ளை. தரம் 10. கணக்கில் கெட்டிக்காரன். போன தவணையிலிருந்து வரவு இடாப்பில் அவனுக்கு நேரே சிவப்புத்தான். ஏசுவதற்காகத்தான் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் வாப்பா காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மகன் வந்தான். ஹாட்வெயார் கடையில் சிமெந்து மூட்டை ஏற்றுகிறானாம், தலைமயிரெல்லாம் தூசி. எங்களைக் கண்டதும் "சேர்" என்று ஒதுங்கி நின்றான். ஏச வாய் வரவில்லை. அடுத்த வருடம் ஓ.எல். எழுத வேண்டிய பிள்ளை.

இந்தக் குடும்பத்தைத்தான் காசு ருசி கண்டவர்கள் என்கிறோம்.

முதலில் "கழா கத்ர்" பேச்சுக்கு வருவோம். நடந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த மனுசனுக்கும் இல்லை, ஒரு நாளும் அவர் முறையிட்டதில்லை. ஆனால் கத்ரை நம்புகிறவர்களுக்குத்தானே தியத்தும் விதிக்கப்பட்டது? சூரா நிஸாவின் 92ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். தவறுதலாக ஒரு மூஃமினைக் கொன்றவன் கூட, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பமாக விட்டுக்கொடுத்தால் ஒழிய. "தவறுதலாக" என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது பழியைத்தான் குறைக்கிறது, பொறுப்பைக் குறைப்பதில்லை. விட்டுக்கொடுக்கும் உரிமையும் அடிபட்டவனின் வீட்டாருக்குத்தான். வாட்டுக்குப் போன பத்துப் பேருக்கு இல்லை. அவருடைய ஹக்கை நாங்கள் மன்னித்துவிட்டு வந்தோம். அடுத்தவன் பணத்தில் ஸதக்கா கொடுத்த கதைதான் இது.

இன்னொன்று. ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் என்று சொல்கிற அதே பிக்ஹு, ஒரு காலுக்கு அதில் பாதி, ஐம்பது ஒட்டகம் என்கிறது. கால் போகாமல் ஊனமானால் அந்தக் கணக்கு வேறு, அதை உலமாக்கள் சொல்வார்கள். நாங்கள் மௌலவிமார் இல்லை. ஆனால் மதரஸாவில் சின்ன வயதில் ஓதினதை வைத்துப் பார்த்தாலும், 35,000 ரூபாவுக்கு ஒட்டகத்தின் கயிறாவது வருமா?

"டிரைவர் பாவம், ஏழை." உண்மைதான், அவரை நாங்களும் அறிவோம், நல்ல பொடியன். ஆனால் நஷ்டஈட்டை அவர் தன் வீட்டுப் பாத்திரம் பண்டம் விற்றுக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வேலையில் இருக்கும்போது டிரைவர் விட்ட பிழைக்கு வாகனச் சொந்தக்காரரும் பொறுப்பு. வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்று 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. காப்புறுதி இல்லாமல் வருட வரிப் பத்திரமே எடுக்க முடியாது. டிப்பர் முதலாளி வருடா வருடம் கட்டுகிற காசு எதற்கு? இப்படி ஒருவன் அடிபட்டால் கொடுப்பதற்கு. அந்தக் கதவைத் தட்டவிடாமல், முதலாளியின் பொக்கெட்டிலிருந்து 35,000 எடுத்து, கம்பனிக்கு இலட்சக்கணக்கில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். கம்பனிக்காரன் எங்களுக்கு ஒரு தேத்தண்ணியும் வாங்கித் தரவில்லை.

இன்சூரன்ஸ் காசு ஹராமில்லையா என்று ஒரு சகோதரர் குரூப்பில் கேட்டிருந்தார். பத்வா கொடுக்கும் தகுதி எங்களுக்கு இல்லை, உலமாக்களிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறோம். அடிபட்டவர் பொலிசி எடுக்கவில்லை. அவருக்கு வர வேண்டியது தன் காலுக்கான ஈடு. அதைக் கொடுக்க வேண்டியவன் எங்கிருந்து கொடுக்கிறான் என்பது அவன் பாடு. தவறுதலாக நடந்த கொலைக்கான தியத்தைத் தனி ஆள் மேல் போடாமல் அவனுடைய ஆகிலா, அதாவது சொந்தக் கூட்டத்தார், பங்கிட்டுக் கொடுத்த முறையும் நம் மார்க்கத்தில் இருந்ததுதானே. (அதே சகோதரரின் வேனுக்கு புல் இன்சூரன்ஸ் இருக்கிறது. சரி, அதை விடுவோம்.)

குறிஞ்சாக்கேணியை மறந்திருக்க மாட்டோம். 2021 நவம்பர் 23. கிண்ணியாவில் பாலம் முடியாததால் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகப் பயன்படுத்திய மிதப்புப்பாதை கவிழ்ந்தது. அன்று யாராவது "கத்ர், பேசாம இருங்க" என்று சொன்னோமா? யார் அனுமதி கொடுத்தது, பாதுகாப்பு எங்கே, பாலம் ஏன் இன்னும் முடியவில்லை என்று ஊரே வீதிக்கு இறங்கியது. அது சரி. பல பேர் மௌத்தானால் பொறுப்பைக் கேட்கிறோம். ஒற்றை மனுசன் ஒற்றைக் காலோடு கிடந்தால் மட்டும் ஸபர் செய்யச் சொல்கிறோம்.

"அந்தக் கேஸ்தான் முடிஞ்சே?" என்கிறார்கள். முடிந்தது எது? நீதவான் நீதிமன்றத்தில் டிரைவர் கவனயீனத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போனது. முறிந்த காலுக்கு ஒரு சதம் வரவில்லை. நஷ்டஈட்டு வழக்கு வேறு, அது மாவட்ட நீதிமன்றத்தில் போடுவது. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற எங்களுக்கே இந்த வித்தியாசம் போன மாதம்தான் விளங்கியது.

அதைவிடப் பெரிய விசயம், இந்த வழக்குக்குத் தவணை இருக்கிறது. 1871ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, இப்படியான காயத்துக்கும் இழப்புக்கும் ரெண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போச்சு. வருகிற மாதக் கடைசியோடு அந்தப் பெண்ணுக்கு ரெண்டு வருடம் முடிகிறது. "பொறுங்க, பேசுவம், முதலாளி ஏதாவது பார்ப்பார்" என்று அவளை இருபது மாதம் காக்க வைத்ததும் நாங்கள்தான். முதலாளியிடம் மூன்று தரம் போனோம். முதல் தரம் ஐஸ்கிரீம் தந்தார். ரெண்டாம் தரம் வீட்டில் இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் அந்தப் பேப்பரின் போட்டோக் கொப்பியை எடுத்துக் காட்டினார். எங்கள் வடிவான கையெழுத்து.

வழக்குப் போட்டால் கட்டாயம் கிடைக்குமா? இல்லை. பொய் சொல்ல மாட்டோம். இந்த நாட்டில் வைத்தியக் கவனயீனத்துக்குப் பெயர்போன வழக்கு, பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக ரியன்சி அர்சகுலரத்ன போட்டது. 1992இல் அவருடைய சின்ன மகள் மூளைக் கட்டியால் இறந்தாள். நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. தகப்பன் தானே பெரிய சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. கடைசியில் 2001இல் உயர் நீதிமன்றம் அந்தக் கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பை மாற்றியது. சட்டம் தெரிந்தவருக்கே அப்படி. ஆனால் மூளைக் கட்டி விசயம் வேறு, டிப்பர் ஏறின கால் வேறு. எதனால் முறிந்தது என்று இங்கே ஆராய ஒன்றுமில்லை. டிரைவரே பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேப்பரை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டும், அது நிச்சயம். முறைப்பாடு இல்லை என்று எழுதியது வேறு, நஷ்டஈட்டு உரிமையைக் கைவிடுவது வேறு என்று வாதாடலாம் என்கிறார் சட்டத்தரணி. மூன்றாம் நாள், காயத்தின் முழு அளவும் தெரியாமல், ஊசி மயக்கத்தில் வாங்கியது என்பதையும் சொல்லலாமாம். அதைச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. எங்களுக்குள்ளும் இல்லாத முதுகு வலிக்கு பெல்ட் கட்டிக்கொண்டு காசு பறித்தவர்கள் உண்டு. வாட்டு வாசலில் நின்று "நான் எடுத்துத் தாறன், பாதி எனக்கு" என்று வருகிற புரோக்கர்மாரும் உண்டு. அது ஹராம், அதில் பேச்சே இல்லை. அந்த நாலு பேரைக் காட்டி உண்மையாக அடிபட்டவனின் வாயை மூடுவதுதான் பிழை.

நாளைக்கு யாருக்கும் நடக்கலாம் என்பதால் இதையும் எழுதி வைக்கிறோம். விபத்து நடந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாட்டைப் பதியுங்கள், இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று பாருங்கள். டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, ஓட்டோக் கூலி எழுதிய கொப்பி, ஒன்றையும் எறிய வேண்டாம். வாகன இலக்கமும் காப்புறுதிக் கம்பனியின் பெயரும் தேவை, வழக்கைப் பற்றி கம்பனிக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியோ பொலிஸோ ஆவணம் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். லோயருக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 முதல் இருக்கிறது, நாங்கள்தான் அந்தப் படி ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாட்டில் கிடக்கும்போது எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கொண்டு வருகிறவர் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி, சேராக இருந்தாலும் சரி.

இனி நாங்கள் கேட்பது. அன்று காலை சந்தித் தேத்தண்ணிக் கடையில் நாலைந்து பேர் இருந்தீர்கள். டிப்பர் திரும்பியதை நேரில் கண்டீர்கள், அன்று எங்களுக்கும் சொன்னீர்கள். பெயர்களை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். முதலாளியிடம் வேலை பார்க்கிறோம், மகன் அங்கே போகிறான், பகை வரும் என்ற பயம் எங்களுக்கு விளங்குகிறது. சாட்சியத்தை மறைப்பது பற்றி எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம் என்பதும் உங்களுக்கு விளங்கும். கண்டதை மட்டும் சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அந்தப் பேப்பரை எழுதிய நாங்களும் போகிறோம், எந்த நிலையில் எழுதி வாங்கினோம் என்று சொல்வதற்கு. அன்று வாட்டுக்கு வந்த மற்றவர்களில் ரெண்டு பேர் கூட வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை எட்டரை பஸ். சட்டத்தரணி பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அல்லது பேசாமல் பஸ் ஹோல்ட்டுக்கு வந்து நில்லுங்கள்.